காக்கா குருவி எண்ணுவது வெட்டி வேலையா?

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

போன வாரம் செஞ்சியில் ஒரு கல்யாணத்தில் என் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் மகள் பிளஸ் டூவில் நல்ல மார்க். விலங்கியல்தான் படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம். "சார், நீங்களாவது புத்தி சொல்லுங்க. காக்கா குருவி எண்ணினா சோறு போடுமா? யூனிவர்சிட்டிக்காரங்க கவர்மெண்ட் காசுல பண்ற வெட்டி வேலை சார் அது" என்றார். பக்கத்தில் இருந்த நம் உறவினர்களும் சிரித்தார்கள். பந்தியில் வாக்குவாதம் வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். ஆனால் மனசு கேட்கவில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ மட்டும் முடித்தவன். பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் படித்தவன் அல்ல. அவர்களுக்கு வக்காலத்து வாங்க எனக்கு ஒரு லாபமும் இல்லை.

நம்மில் வயதானவர்களுக்குத் திருக்கழுக்குன்றம் ஞாபகம் இருக்கும். உச்சி வேளையில் மலைமேல் இரண்டு கழுகுகள் வரும். குருக்கள் பொங்கல் ஊட்டுவார். சிறுவயதில் அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவை பாறு என்னும் பிணந்தின்னிக் கழுகு இனத்தைச் சேர்ந்தவை. பிறகு அவை வருவது நின்றுபோனது. "கலிகாலம்" என்று சொல்லிவிட்டு நாம் நம் வேலையைப் பார்த்தோம்.

அதே காலத்தில் இந்தியா முழுக்கப் பாறுகள் செத்து விழுந்தன. அதை முதலில் கவனித்தது யார்? "வெட்டி வேலை" பார்த்தவர்தான். ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1980களிலேயே பாறுகளின் கூடுகளை எண்ணி எழுதி வைத்திருந்தார். 1990களில் மறுபடி எண்ணியபோது பாதிக்கும் கீழே போயிருந்தது. பழைய கணக்கு நோட்டு இல்லையென்றால், குறைந்தது என்று யாருக்குத் தெரிந்திருக்கும்?

தொற்றுநோய் என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள். 2004இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்ட்சே ஓக்ஸ் என்பவரும் அவர் குழுவும் பாகிஸ்தானில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்து உண்மையான காரணத்தைக் கண்டுபிடித்தார்கள். அது டைக்ளோஃபெனாக். நாம் முட்டிவலிக்குப் போட்டுக்கொள்ளும் அதே மருந்து. மாட்டுக்கு அந்த ஊசி போட்டு, மாடு சீக்கிரமே செத்து, அதைப் பாறு தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். யூரிக் அமிலம் உடம்புக்குள் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்து, சில நாளில் செத்துவிடும்.

"சரி சார், பிணந்தின்னிப் பறவை போனா நமக்கென்ன?" என்று கேட்பீர்கள். பாறுகள் இல்லாததால் செத்த மாடுகள் வெளியில் கிடந்து நாறின. தெருநாய்கள் பெருகின, வெறிநாய்க்கடி கூடியது, தண்ணீரும் கெட்டது. ஏயல் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2024இல் வெளியிட்ட கணக்குப்படி, பாறுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள். ஐந்து லட்சம் மனித உயிர்! பந்தியில் சிரித்தவர்கள் இந்த எண்ணை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இந்தக் கதையில் வெட்கப்பட வேண்டியவர்கள் ஆய்வாளர்கள் அல்ல, நாம். 2006லேயே கால்நடைக்கு அந்த மருந்து கூடாது என்று தடை வந்துவிட்டது. மாற்றாக மெலாக்சிகாம் பாதுகாப்பானது என்றும் சொல்லிவிட்டார்கள். நாம் என்ன செய்தோம்? மனிதருக்கு விற்கும் பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டோம். அந்தப் பாட்டிலை நிறுத்த 2015 வரை ஆனது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் மருந்துகளுக்கும் தடை. அதே ஆண்டு டிசம்பரில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகம் மூன்றும் சேர்ந்து எண்ணியபோது கண்டவை 320 பாறுகள்தான். நம் மாநிலத்தில் அவை நீலகிரிப் பக்கம் மோயாறு பள்ளத்தாக்கில்தான் முக்கியமாக மிஞ்சியிருக்கின்றன.

பறவை வேண்டாம், நெல்லைப் பேசுவோம். நெல் மூட்டையைப் பார்த்து வளர்ந்த ஊர் நம்முடையது. 2024 பெஞ்சல் புயலில் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் ஐம்பது சென்டிமீட்டர் மழை கொட்டியதை மறந்திருக்க மாட்டீர்கள். இனி இப்படிப்பட்ட பேய்மழை கூடும் என்கிறார்கள். ஒடிசாவின் பழைய நெல் ஒன்று இரண்டு வாரம் தண்ணீருக்குள் மூழ்கினாலும் பிழைக்கும். அதற்குக் காரணமான மரபணுவை ஆய்வாளர்கள் கண்டுபிடித்து 2006இல் வெளியிட்டார்கள். நம் கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அந்தக் குணத்தை சி.ஆர்.1009 நெல்லில் சேர்த்து, சி.ஆர்.1009 சப் 1 என்று விவசாயிக்குக் கொடுத்தது. இதுவும் வெட்டி வேலையா?

எல்லா ஆராய்ச்சியும் உசத்தி என்று நான் சொல்லவில்லை. பட்டத்துக்காக எழுதி அலமாரியில் தூங்கும் ஆய்வேடுகளும் உண்டு. ஆனால் எது நாளைக்கு உயிர் காக்கும் என்று இன்றைக்கு யாரால் சொல்ல முடியும்? பரத்பூரில் கூடு எண்ணியபோது அது வெறிநாய்க்கடி வரை போகும் என்று யார் நினைத்தார்கள்? விதைநெல்லில் எந்த மணி முளைக்கும் என்று பார்த்தா விதைக்கிறோம்?

தம்பி, மகளுக்கு வேலை கிடைக்குமா என்ற உன் பயம் நியாயமானது. அதை நான் கேலி செய்ய மாட்டேன். ஆனால் இன்ஜினியரிங் முடித்துவிட்டு வேலை தேடி அலையும் பிள்ளைகள் நம் தெருவிலேயே இருக்கிறார்களே! விருப்பமில்லாத படிப்பு மட்டும் சோறு போட்டுவிடுமா? மூன்றாம் வகுப்பில் ஓணானைக் கல்லால் அடித்தாய் என்று உன்னை பெஞ்சு மேல் நிறுத்தினேன், நினைவிருக்கிறதா? உன் மகள் அந்த ஓணானைப் பற்றிப் படிக்கிறேன் என்கிறாள். படிக்க விடு. கவுன்சிலிங் அன்றைக்கு நானும் கூட வருகிறேன்.

மாடு வைத்திருக்கும் உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். வலிக்கு ஊசி போடும்போது "மெலாக்சிகாம்தானே டாக்டர்?" என்று வாய்திறந்து கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குக் காசு செலவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் கமெண்டில் தாராளமாக எழுதுங்கள். பிரம்பு இப்போது என் கையில் இல்லை.

அன்புடன்,
உங்கள் சார்