வண்டிக்குக் கண் மங்கினால்

அப்பாவின் டட்சன் பிக்காப்புக்கு இந்த ஆண்டு 48 வயது. சுங்கை சிப்புட்டில் அவர் பசார் மாலாம் காய்கறி வியாபாரம் தொடங்கியபோது இரண்டாம் கையாக வாங்கியது. நாங்கள் மூன்று பிள்ளைகளும் அதன் பின்தட்டில் பயற்றங்காய்க் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வளர்ந்தவர்கள். வியாபாரத்தை விட்டு ஆறு வருடமாகிறது. வண்டியை மட்டும் அவர் விடவில்லை.

போன தீபாவளிக்கு முந்திய வாரம், இரவு ஒன்பது மணிக்குக் கோலகங்சாரிலிருந்து திரும்பி வந்தவர், வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். செம்பனைத் தோட்டத்து வளைவில், விளக்கில்லாமல் ஓரமாக நின்ற ஒரு மோட்டார் சைக்கிளை ஏறக்குறைய இடித்தே விட்டாராம். பக்கத்தில் நின்ற பையன் வடிகாலில் குதித்துத் தப்பியிருக்கிறான்.

அன்றிரவே குடும்பக் கூட்டம். "அப்பாவுக்கு எழுபத்திரண்டு ஆச்சு. கண்ணு தெரியல. சாவிய எடுத்து உள்ள வைடா" என்றார் அம்மா. அண்ணனும் அக்காவும் தலையாட்டினார்கள். அப்பா ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "எனக்கு இல்ல, வண்டிக்குத்தான் கண்ணு மங்கிப்போச்சு."

யாரும் நம்பவில்லை. நானும்தான். ஆனாலும் மறுநாள் காலையில் மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு வண்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். வீட்டில் பழைய வண்டி வைத்திருக்கும் எவரும் செய்யக்கூடிய சோதனை இது.

எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டைப் போட்டு, முதலில் பேட்டரியின் இரு முனைகளில் அளந்தேன். 14.0 வோல்ட். குறையில்லை. பிறகு பல்பின் பின்னால் உள்ள முனைகளில் வைத்தேன். 11.1 வோல்ட். வழியில் 2.9 வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

இரண்டு மூன்று வோல்ட்தானே என்று தோன்றலாம். இழை பல்பின் கணக்கு வேறு. மின்னழுத்தம் 10 விழுக்காடு குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்துவிடும். எங்கள் வண்டியில் குறைந்தது 20 விழுக்காடு. அதாவது, கிடைக்க வேண்டிய வெளிச்சத்தில் பாதிகூடச் சாலையில் விழவில்லை. அப்பா சொன்னது சரிதான்.

அந்த 2.9 வோல்ட் எங்கே போனது? அந்தக் காலத்துப் பிக்காப்புகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் போகும் மின்சாரம் முழுவதும் டாஷ்போர்டுக்கு வந்து, சுவிட்சுக்குள் நுழைந்து, மீண்டும் முன்பக்கம் போகும். 55 வாட் பல்புகள் இரண்டு எரிந்தால் ஏறக்குறைய 9 ஆம்பியர். மெல்லிய வயர், தேய்ந்த சுவிட்ச், பச்சைக் களிம்பு பிடித்த இணைப்புகள் என்று ஒவ்வொன்றும் தன் பங்குக்குக் கொஞ்சம் தின்னும். தின்றது வெப்பமாக மாறும். சுவிட்சைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

பேட்டரியின் பாசிட்டிவ் முனையில் ஒரு கம்பியும் பல்பின் பாசிட்டிவ் முனையில் மறு கம்பியும் வைத்தால், அந்தப் பக்கத்து இழப்பு நேரடியாகத் தெரியும். அங்கே 2.1 வோல்ட். நெகட்டிவ் பக்கத்தில் அதேபோல் அளந்தபோது 0.8. ஒரு பக்கத்தில் அரை வோல்ட்டுக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு.

ஃபியூஸ் பெட்டியைத் திறந்தபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. கண்ணாடிக் குழாய் ஃபியூஸ்களில் ஒன்று சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளால் சுற்றப்பட்டிருந்தது. எந்தக் காலத்தில் யார் சுற்றினார்களோ! ஃபியூஸ் ரேடியோவையோ விளக்கையோ காப்பாற்ற வைக்கப்பட்டதல்ல. வயர் தீப்பற்றாமல் காப்பதுதான் அதன் முதல் வேலை. வெள்ளித்தாளைச் சுற்றிவிட்டால், ஷார்ட் ஆகும் நாளில் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். அந்த வண்டியில்தான் என் பிள்ளைகளும் தாத்தாவோடு ரொட்டி சானாய் சாப்பிடப் போகிறார்கள்.

எங்கள் ஊரில் நாற்பது வருடமாக வயரிங் வேலை செய்யும் சீனப் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். நான் எல்இடி பல்பு வாங்கி வந்திருந்ததைப் பார்த்துச் சிரித்தார். "முதல்ல ரோட்டைச் சரி பண்ணு, அப்புறம் புதுக் காடி வாங்கு" என்றார். ஹாலோஜன் பல்புக்காகச் செய்த கிண்ணத்தில் எல்இடியைச் செருகினால் ஒளி சிதறி, எதிரே வருபவர் கண்ணைக் குருடாக்கும். நம் சாலையிலோ தேவையான இடத்தில் விழாது. பல்புகளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

வேலையை நான்கு படிகளாகச் செய்தோம்.

முதலில் எர்த். பேட்டரியிலிருந்து எஞ்சினுக்கும், எஞ்சினிலிருந்து பாடிக்கும் புதிய தடித்த பட்டை. இணையும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் சுரண்டி, பளபளக்கும் உலோகத்தில் இறுக்கினோம். செலவு மிகக் குறைவு, பலன் மிக அதிகம்.

அடுத்து ரிலே. லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. ரிலேயின் 30 என்ற முனைக்கு பேட்டரியிலிருந்து புதிய 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். பேட்டரிக்கு அருகிலேயே 15 ஆம்பியர் ஃபியூஸ். 87 என்ற முனையிலிருந்து பல்புக்கு வயர். பழைய ஹெட்லைட் வயர் 86-க்கு, எர்த் 85-க்கு. இப்போது பழைய சுவிட்ச் ரிலேயைத் தட்டியெழுப்ப மட்டுமே வேலை செய்கிறது. 9 ஆம்பியர் சுமந்தது இனி கால் ஆம்பியரைக்கூடச் சுமக்காது. ஒரு எச்சரிக்கை: சில ஜப்பானிய வண்டிகளில் சுவிட்ச் நெகட்டிவ் பக்கத்தில் இருக்கும். வயரிங் படத்தைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

மூன்றாவது, ஃபியூஸ் பெட்டி. கண்ணாடிக் குழாய்களை எடுத்துவிட்டு, தகடு ஃபியூஸ் பெட்டி. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் அனைத்தையும் வெட்டியெறிந்தோம். நம் ஊர் வெயிலில் டேப்பின் பசை உருகி வழிந்து, இரண்டே வருடத்தில் செம்பு வெளியே எட்டிப் பார்க்கும். முனைகளை அழுத்தி இணைத்து, சூட்டில் சுருங்கும் உறை போட்டோம்.

கடைசியாக ஆல்டர்னேட்டர். இரவு மழையில் விளக்கு, வைப்பர், காற்றாடி, இக்னிஷன் எல்லாம் சேர்ந்தால் 25 ஆம்பியரைத் தாண்டும். பழைய ஆல்டர்னேட்டரோ சிக்னலில் நிற்கும்போது அதைக் கொடுக்கத் திணறும். ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த 60 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினோம். பலர் தவறுவது இங்கேதான். பெரிய ஆல்டர்னேட்டரை மாட்டிவிட்டு, பேட்டரிக்குப் போகும் பழைய மெல்லிய வயரை அப்படியே விட்டுவிடுவார்கள். நாங்கள் 10 சதுர மில்லிமீட்டர் வயரும், பேட்டரி முனையில் 80 ஆம்பியர் ஃபியூஸும் வைத்தோம். வெளியே இருந்த பழைய ரெகுலேட்டர் பெட்டியின் வயர்களைப் படம் பார்த்து மாற்றி இணைத்தார் பெரியவர். அதில் பிழை நேர்ந்தால் சாவியை எடுத்த பிறகும் மின்சாரம் கசிந்து, காலையில் பேட்டரி செத்துக் கிடக்கும்.

வேலை தொடங்கும் முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றுங்கள். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள். பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

இரண்டு சனிக்கிழமைகள் ஆயின. ஆல்டர்னேட்டர் நீங்கலாக, பொருள் செலவு 200 ரிங்கிட்டுக்குள் அடங்கியது. மீண்டும் பல்பில் அளந்தபோது 13.5 வோல்ட். வெளிச்சம் கூடியதால் ஹெட்லைட்டின் உயரத்தையும் சுவரில் அடித்துப் பார்த்துச் சரிசெய்தோம்.

அன்றிரவு அப்பாவை அதே தோட்டச் சாலைக்குக் கூட்டிப்போனேன். அவர்தான் ஓட்டினார். வளைவில் ஓரத்துப் புல்கூடத் தெரிந்தது. சுமார் ஒரு கிலோமீட்டர் பேசாமல் ஓட்டியவர், வண்டியை ஓரங்கட்டினார்.

"எதிர்ல லோரி வந்தா, லைட்டைச் சுத்தி வட்டமா தெரியுதுடா. இப்ப வண்டி நல்லா இருக்கு. அப்பவும் தெரியுது" என்றார்.

அடுத்த வாரம் கண் மருத்துவரிடம் போனோம். இடது கண்ணில் புரை தொடங்கியிருக்கிறதாம். ஆக, அம்மா சொன்னதும் சரி, அப்பா சொன்னதும் சரி. நாங்கள் அன்றிரவு சாவியைப் பிடுங்கியிருந்தால், அவர் கண்ணைக் காட்டவே போயிருக்க மாட்டார். அவர் சொன்னதை ஒருமுறை அளந்து பார்த்ததால், மீதியை அவரே சொன்னார்.

இப்போது பகலில் சந்தைக்கும் கோயிலுக்கும் அவர் ஓட்டுகிறார். இருட்டிவிட்டால் சாவியை அவராகவே என்னிடம் நீட்டுகிறார். அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தாகிவிட்டது.

உங்கள் வீட்டிலும் பழைய வண்டியும் வயதான அப்பாவும் இருந்தால், இந்த வாரம் ஒரு மல்டிமீட்டர் வாங்குங்கள். கண் மருத்துவரிடமும் ஒரு நாள் கேட்டு வையுங்கள்.