தோளுக்கேற்ற பை

ஆண்டுதோறும் ஆகஸ்டு 29ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறுகிறது. செப்டம்பர் 8ஆம் நாள் அன்னையின் பிறப்புப் பெருவிழா. பண்ருட்டி, நெய்வேலிப் பகுதியினின்று கால்நடையாகச் செல்வோர்க்கு வடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால், நாகை வழியே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவு. ஓர் அடிக்கு முக்கால் மீட்டர் எனக் கொண்டால், இரண்டு இலட்சம் அடிகள்!

சீடர்களை அனுப்பியபோது ஆண்டவர், வழிக்குப் பையே வேண்டாமென்றார். அத்துணைத் துணிவு நமக்கில்லை. எனவே, நெடுநாள் உழைக்கும் பையைத் தேர்வதா, கனமற்ற பையைத் தேர்வதா என்னும் வினா எழுகிறது.

தடித்த கித்தான் பை தந்தைக்குப் பின் மகனுக்கும் உதவும். ஆனால் அது வெறுமையாகவே இரண்டு கிலோ இருக்கக்கூடும்; மழையில் நனைந்தால் நீரை உறிஞ்சி இன்னும் கனக்கும். மெல்லிய நைலான் பையோ முக்கால் கிலோவுக்குள் அடங்கும்; எனினும் முள்ளும் சொரசொரப்பான தரையும் அதற்குப் பகை. 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ, அதுவே அந்நூலின் டெனியர் அளவு. 210 டெனியர் துணி மெல்லியது. 1,000 டெனியர் துணி தடித்தது, உறுதியானது, கனமானது.

நடுவண் கல்வித்துறை 2020இல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, மாணவரின் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பை கனக்கலாகாது என்கிறது. நெடுவழி நடப்போரும் இதனையே அளவுகோலாகக் கொள்வது நன்று. அறுபது கிலோ எடையுள்ள தந்தை ஆறு கிலோ சுமக்கலாம். இரண்டு கிலோ கித்தான் பை அதில் மூன்றில் ஒரு பங்கு. நாற்பது கிலோ எடையுள்ள மகளுக்கு உரியது நான்கு கிலோ. அதே பை அவள் சுமையில் பாதியை விழுங்கிவிடும். அவள் குடிக்கும் தண்ணீருக்கே லிட்டருக்கு ஒரு கிலோ வேண்டுமே!

ஆகவே வீட்டிலுள்ள அனைவருக்கும் ஒரே வகைப் பை வாங்குதல் முறையன்று. பொதுப் பொருள்களைச் சுமக்கும் வலிய இளைஞருக்குத் தடித்த பை தகும். பெண்களுக்கும் முதியோருக்கும் மெல்லிய பையே ஏற்றது. "அம்மா எடுத்துக்கொள்வாள்" என்று எல்லாருடைய துணிகளையும் அன்னையர் தோளில் ஏற்றும் வழக்கத்தையும் விட்டொழிப்போம். மூன்றாம் நாள் அவர் கால் ஓய்ந்து பின்தங்கினால், குடும்பமே வழியில் நிற்க நேரும்.

மெல்லிய பை விரைவில் கிழியுமே என அஞ்ச வேண்டா. பெரும்பாலும் முதலில் கெடுவன தோள்வார் தைத்த இடமும், அடிப்பகுதியும், ஜிப்புமே. அவ்விடங்களில் இரட்டைத் தையல் உண்டா எனக் கடையிலேயே பார்ப்போம். இல்லையேல் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து வலுப்படுத்துவோம். இடுப்புப் பட்டை உள்ள பையாயின், சுமையில் ஒரு பகுதி தோளைவிட்டு இடுப்புக்கு இறங்கும். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறையும், ஊசியும் நூலும் இருக்கட்டும்.

நாள்தோறும் வேலைக்குக் கொண்டுசெல்லும் பை உழைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை நெடுவழி நடப்பதற்கான பை தோளை வருத்தாதிருக்க வேண்டும். புறப்படுமுன் ஒரு ஞாயிறு மாலை, பொருள்களை நிறைத்து, தராசில் நிறுத்து, ஐந்து கிலோமீட்டர் நடந்து பார்ப்போம். எதை வீட்டில் விட்டுச் செல்லலாம் என்பதைத் தோளே உணர்த்திவிடும்.