மாலையா, பாக்கியா?

கனகம்மாசத்திரம், திருத்தணிப் பக்கங்களில், தகப்பன், பிள்ளை, பேரன் என்று ஒரே குடும்பத்தார் நடத்தும் தொழிற்சாலையில் 30 வருஷம் உழைத்தவர் ஓய்வு பெற்றால் என்ன கிடைக்கும்? மாலை, சால்வை, சுவாமி படம், “இவர் எங்கள் குடும்பத்தில் ஒருவர்” என்ற உபசார வார்த்தை!

மாலையை நாம் குறை கூறவில்லை. ஆயுத பூஜைதோறும் யந்திரத்துக்கு மாலை சாத்துகிறவர்கள், அதை ஓட்டியவருக்கு ஒரு நாளாவது சாத்தினால் சந்தோஷமே. ஆனால் யந்திரத்துக்கு வயிறில்லை, மனிதனுக்கு உண்டு.

குடும்பத்தில் ஒருவரென்றால் சொத்தில் பங்குண்டா? அதை நாம் கேட்கவில்லை, பாக்கியைத்தான் கேட்கிறோம். 10 பேருக்குக் குறையாத ஆலையில் 5 வருஷம் உழைத்தவருக்கு, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்றது 1972-ம் வருஷத்துச் சட்டம். அதனிடத்தில் 2025 நவம்பரில் அமலுக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்லுகிறது. கடைசிச் சம்பளம் மாதம் 13,000 ரூபாயானால், 26-ஆல் வகுக்க நாளொன்றுக்கு 500. 30 வருஷத்துக்கு 2,25,000 ரூபாய். மனுப் போட்டாலும் போடாவிட்டாலும் 30 நாளில் கொடுத்தாக வேண்டும்.

இதற்குப் ‘பணிக்கொடை’ என்று பெயர் வைத்ததே மோசம். கொடையென்றால் கொடுப்பவன் வள்ளல், வாங்குபவன் இரப்பவன் என்றாகிறது. இது கொடையல்ல, கூலியின் பாக்கி. ஆகவே தோழர்களே, ஓய்வு விழாவுக்குப் போனால் மாலைகளை எண்ணாதீர்கள். கணக்குச் சீட்டு எங்கே என்று கேளுங்கள்.