வாளும் திரிகையும்

உரோமானியப் படை என்றதும் வாளும் கேடயமும் தலைக்கவசமுமே பலரின் நினைவுக்கு வருகின்றன. அப்படையின் வெற்றிகளுக்கு ஆயுதங்களே காரணம் என்று கருதுவோரும் உளர். ஆனால், அவ்வீரர்கள் பயன்படுத்திய சமையல் கருவிகளை உற்றுநோக்கினால் மற்றோர் உண்மையும் புலப்படும்.

உரோமானியப் பாளையத்தில் அனைவருக்கும் பொதுவான சமையற்கூடம் இல்லை. எட்டு வீரர்கள் ஒரு கூடாரத்தில் தங்கி, தங்கள் உணவைத் தாங்களே சமைத்துக்கொண்டனர். அவர்களுக்குக் கோதுமை பெரும்பாலும் மாவாக அன்றி, மணிகளாகவே வழங்கப்பட்டது. அதனைக் கல் திரிகையில் அரைத்து ரொட்டி சுட்டனர், கஞ்சியும் காய்ச்சினர். வெண்கலச் சட்டியையும் சிறு வாளியையும் கழியில் கட்டித் தோளில் சுமந்து நடந்தனர். கி.பி. 113இல் உரோம் நகரில் திறக்கப்பட்ட திராஜன் தூணின் சிற்பங்களில் இக்காட்சியை இன்றும் காணலாம்.

சமையல் கருவிகளுக்கும் படை ஒழுங்கிற்கும் உள்ள தொடர்பை நுமாந்தியாப் போர் தெளிவாகக் காட்டுகிறது. ஸ்பெயினில் இருந்த அந்நகரைப் பல ஆண்டுகளாகியும் உரோமானியரால் வெல்ல முடியவில்லை. கி.மு. 134இல் தளபதியாகப் பொறுப்பேற்ற சிப்பியோ எமிலியானுஸ், சுகபோகத்தில் ஊறிக் கிடந்த படையைக் கண்டார். பாளையத்தில் திரிந்த வணிகர்களை வெளியேற்றினார். இறைச்சி சுடும் கம்பி, செப்புப் பானை, குவளை ஆகிய மூன்றைத் தவிர வேறு சமையல் கருவிகளை வைத்திருக்கக் கூடாது என்று ஆணையிட்டார். கட்டில்களுக்கும் தடை விதித்த அவர், தாமே முதலில் வைக்கோலில் படுத்துறங்கினார். மறு ஆண்டே நுமாந்தியா வீழ்ந்தது.

அந்நகரை வீழ்த்தியது முற்றுகையே, பானை அன்று எனச் சிலர் வாதிடலாம். அது சரியே. எனினும், மாதக்கணக்கில் முற்றுகையைத் தொடர, குறைந்த வசதியோடு வாழப் பழகிய படை தேவை. ஆணையை விதித்தவரே அதன்படி வாழ்ந்ததால்தான் வீரர்களும் அதை ஏற்றனர் எனலாம்.

மேலும், ஒரே திரிகையை நம்பி வாழ்ந்த எண்மரில் ஒருவர் வேலையைத் தட்டிக்கழித்தாலும் அந்தச் சுமை மற்றவர்மீதே விழும். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் பழக்கம் போர்க்களத்திற்கு முன்பே அடுப்படியில் தொடங்கிவிட்டது. ஆகவே, உரோமானியரின் வெற்றிகளைப் படிக்கும்போது வாளோடு திரிகைக்கும் உரிய இடம் தருவதே முறையாகும்.