பாண்டிக்கு மூன்று நாள்: வாய்க்காலுக்கு மேற்கேயும் ஊர் இருக்கிறது

புது வருடக் காலண்டர் கைக்கு வந்ததும் வேலைக்குப் போகிறவர்கள் முதலில் தேடுவது ராசிபலனை அல்ல. வெள்ளிக்கிழமையிலோ திங்கட்கிழமையிலோ சிவப்பு எழுத்து விழுந்திருக்கிறதா என்றுதான். விழுந்திருந்தால் அது மூன்று நாள் விடுமுறை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டைச் சுற்றி அறை எடுத்துத் தங்கியிருக்கும் பையன்களும் சரி, திருவள்ளூர் பக்கம் கல்லூரியில் படிக்கிறவர்களும் சரி, அந்த மூன்று நாளுக்கு ஒரே பதில்தான் வைத்திருக்கிறார்கள். "மச்சான், பாண்டி போலாமா?" வாட்ஸ்அப் குரூப்பில் இந்த ஒரு வரி விழுந்தால் போதும், அடுத்த பத்து நிமிடத்தில் ஆள் கணக்கு முடிந்துவிடும்.

பாண்டிச்சேரிக்குப் போவதில் தப்பில்லை. ஊரின் அதிகாரப்பூர்வப் பெயர் 2006இல் புதுச்சேரி என்று மாறினாலும் விடுமுறைக்குப் போகிறவர்களுக்கு அது இன்னும் பாண்டிதான். பிரச்சினை போவதில் இல்லை, போடுகிற பிளானில் இருக்கிறது. ஊருக்கு நடுவே ஒரு வாய்க்கால் ஓடுகிறது. அதற்குக் கிழக்கே கடல் வரைக்கும் உள்ள சில தெருக்கள்தான் ஒயிட் டவுன். பெரும்பாலான பிளான் அந்தத் தெருக்களோடு முடிந்துவிடுகிறது. மஞ்சள் சுவர் முன்னால் ஒரு போட்டோ, கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் ஒரு போட்டோ, ஒரு கபே, இரவில் 'சரக்கு'. பிறகு ஈ.சி.ஆர். டிராபிக்கில் திரும்பி வருதல். கேட்டால் "பிரெஞ்சு ஊரைப் பார்த்தாச்சு" என்பார்கள். உண்மையில் பார்த்தது பாதி ஊரைக் கூட இல்லை.

முதலில் செலவுக் கணக்கைப் பார்க்கலாம். வணிகவியல் படிக்கிறவர்களுக்கு 'வாய்ப்புச் செலவு' என்ற பாடம் நினைவிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது கைவிடப்படும் இன்னொன்றின் மதிப்பு அது. கும்பெனி ரோலில் இருக்கிறவருக்கு சம்பளத்தோடு விடுமுறை. ஒப்பந்தத் தொழிலாளிக்கு அப்படி இல்லை, வேலைக்குப் போகாத நாளுக்குக் கூலி கிடையாது என்பதுதான் பல இடங்களில் நிலைமை. அவர் மூன்று நாள் பாண்டி போனால் பஸ் டிக்கெட், லாட்ஜ், சாப்பாடு ஆகியவற்றோடு போன கூலியையும், கிடைத்திருக்கக்கூடிய ஓ.டி. பணத்தையும் சேர்த்துத்தான் செலவு எழுத வேண்டும். அத்தனையும் கொடுத்து வாங்கும் மூன்று நாளில் நான்கு தெருவை மட்டும் பார்ப்பது எந்தக் கணக்கிலும் லாபம் ஆகாது.

சரி, அந்தப் பக்கம் என்னதான் இருக்கிறது?

பிரெஞ்சுக் கம்பெனி புதுச்சேரியில் கால் வைத்தது 1674இல். பிரான்சுவா மார்த்தேன் அதை ஒரு நகரமாக வளர்த்தார். 1693இல் டச்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டு 1699இல் திருப்பிக் கொடுத்தார்கள். இன்று எல்லோரும் வியக்கும் நூல் பிடித்தாற்போன்ற நேர்த் தெருக்களுக்கு வரைபடம் போட்டது அந்த டச்சுக்காரர்கள்தான். வேறு யாரும் இல்லை, திருவள்ளூர் மாவட்டத்தின் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டிய அதே டச்சுக் கம்பெனி! பிறகு 1761 ஜனவரியில் பிரிட்டிஷ் படை ஊரைப் பிடித்து வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கியது. 1765இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு கட்டப்பட்டதுதான் இப்போது போட்டோவில் வரும் ஒயிட் டவுன்.

ஆனால் அதற்கும் முந்தைய ஒரு வீடு வாய்க்காலுக்கு மேற்கே, ரங்கப்பிள்ளை வீதியில் இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. 1709இல் பெரம்பூரில் பிறந்தவர் இவர். திருவள்ளூர் லோக்கல் தினமும் கடந்து போகிற அதே பெரம்பூர்தான். அப்பா புதுச்சேரிக்குப் பிழைக்கப் போனார், பிள்ளை கவர்னர் துய்ப்ளேயின் துபாஷி ஆனார். 1736இல் தொடங்கி 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு விலை, கவர்னரின் கோபம், 1748இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டது என எல்லாம் அதில் இருக்கிறது. பிரெஞ்சு இந்தியாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தத் தமிழ்க் குறிப்புகளைப் புரட்டாமல் இருக்க முடியாது. மஞ்சள் சுவரோடு செல்பி எடுத்தவர்களில் எத்தனை பேர் அந்த வீட்டு வாசலில் நின்றிருப்பார்கள்?

'பிரெஞ்சு பேசும் ஊர்' என்ற பேச்சுக்கும் இதே கதிதான். தெருப் பலகையில் 'ரூ' என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு அங்கே வெள்ளைக்காரர்கள்தான் பிரெஞ்சு பேசுவார்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். புதுச்சேரி 1954 நவம்பர் 1இல் இந்தியாவின் கைக்கு வந்தது, சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16இல் நடந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொள்ளவும் மக்களுக்கு வாய்ப்பு தரப்பட்டது. சில ஆயிரம் பேர் அப்படித் தேர்ந்தெடுத்தார்கள், அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பிரான்ஸில் ஜனாதிபதித் தேர்தல் என்றால் இன்றைக்கும் புதுச்சேரியில் வாக்குச்சாவடி போடுகிறார்கள். வரிசையில் நிற்பவர்களைப் பார்த்தால் திருவள்ளூர் பஜாரில் பார்க்கும் முகங்கள்தான். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வூதியம் வாங்கும் தமிழரை அங்கே 'சொல்தா' என்பார்கள். புதுச்சேரியின் பிரெஞ்சு மொழி சுவர் நிறத்தில் இல்லை, இந்தக் குடும்பங்களின் வீட்டில் இருக்கிறது.

இதையெல்லாம் விட, கும்மிடிப்பூண்டிக்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு தேதி உண்டு. 1936 ஜூலை 30.

அந்தக் காலத்தில் புதுச்சேரி ஒரு மில் ஊர். சவானா, ரோடியர் போன்ற பஞ்சாலைகளில் ஆயிரக்கணக்கானோர் வேலை பார்த்தார்கள். வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும், சங்கம் வைக்க உரிமை வேண்டும் என்று கேட்டு அவர்கள் போராடினார்கள். வ. சுப்பையா அந்தப் போராட்டத்தின் தலைவர்களில் முக்கியமானவர். ஜூலை 30 அன்று பிரெஞ்சு அரசின் படை சுட்டதில் 12 தொழிலாளர்கள் செத்தார்கள். இதில் ஒரு கசப்பான பொருத்தம் இருக்கிறது. அதற்கு முந்தைய மாதம்தான், 1936 ஜூனில், பிரான்ஸில் லியோன் புளூமின் மக்கள் முன்னணி அரசு தன் நாட்டுத் தொழிலாளர்களுக்கு வாரம் 40 மணி நேர வேலையும், சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையும் சட்டமாக்கியது. பாரிஸ் தொழிலாளி முதன்முறையாகச் சம்பளத்தோடு கடற்கரைக்குப் போன அதே கோடையில், அதே அரசின் கொடியின் கீழ் இருந்த புதுச்சேரித் தொழிலாளி துப்பாக்கிக் குண்டு வாங்கினார். அதன் பிறகுதான், 1937இல், பிரெஞ்சு இந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது. ஆசியாவிலேயே அதுதான் முதல் என்று புதுச்சேரிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள்.

ஏ ஷிப்ட், பி ஷிப்ட், சி ஷிப்ட் என்று நாளை மூன்றாகப் பிரித்து வேலை பார்க்கிற ஊரில் இருந்து கிளம்புகிறவருக்கு இது அந்நியமான கதையா? 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்த மசோதா நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பியதால் மே 1 அன்று அது திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். எட்டு மணி நேரம் என்பது ஒரு தடவை வாங்கினால் அப்படியே இருந்துவிடும் பொருள் இல்லை என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. அந்த ரோடியர் மில்தான் பின்னாளில் ஏ.எஃப்.டி. மில் ஆனது. 2020இல் அதையும் இழுத்து மூடிவிட்டார்கள். கடலூர் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் அதன் சுவரைத் தினமும் கடக்கிறார்கள்.

"ஜாலியா சுத்தப் போறவனுக்கு எதுக்குப்பா ஹிஸ்டரி கிளாஸ்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆறு நாள் இரும்புத் தூசியிலும் கெமிக்கல் வாடையிலும் நின்றவரைப் பரீட்சைக்குப் படிக்கச் சொல்ல முடியாது. கடற்கரைக் காற்றும் அவருக்கு உரியதுதான். ஆனால் இதில் ஒரு சந்தைக் கணக்கும் இருக்கிறது. பயணிகள் எதைப் பார்க்கிறார்களோ அதுதான் பிழைக்கும். கடற்கரைச் சாலையின் பழைய மேரி கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் திரும்பக் கட்டி 2021இல் திறந்தார்கள். வாய்க்காலுக்கு மேற்கே திண்ணையும் மரத்தூணும் தெருத் தாழ்வாரமும் உள்ள ஒரு தமிழ் வீடு விழுந்தால் அங்கே அடுக்கு மாடிதான் எழும். வைசியாள் வீதியில் ஐரோப்பிய உதவியோடு வீட்டு முகப்புகளைச் சீரமைத்தார்கள், தெருவே அழகாகிவிட்டது. ஆனால் ஒரு வீதி போதுமா? ஆள் வந்தால்தான் அந்த வீடுகளை வைத்திருப்பவருக்கு இடிக்காமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கும். மூன்று நாள் பயணி எந்தத் தெருவில் டீ குடிக்கிறார் என்பதில்கூட அந்த முடிவு கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

ஆகவே பிளானை இப்படி மாற்றிப் பார்க்கலாம்.

முதல் நாள், சனிக்கிழமை: வாய்க்காலுக்கு மேற்கே. பெரிய மார்க்கெட், ரங்கப்பிள்ளை வீதி, வைசியாள் வீதி, ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் இல்லம், பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் இல்லம். எல்லாம் நடக்கிற தூரம்தான். அருங்காட்சியகத்தையும் அன்றைக்கே முடித்துவிடுவது புத்திசாலித்தனம். திங்கட்கிழமை மூடியிருக்கும், நீண்ட விடுமுறையில் பலர் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாம் நாள்: விடிகாலையில் கடற்கரைச் சாலை. காலை ஏழரை வரை அங்கே வண்டி விடமாட்டார்கள். ஒயிட் டவுனைக் கூட்டம் வருவதற்குள் பார்த்துவிடலாம், போட்டோவும் நன்றாக வரும். பிறகு காந்தி வீதி சண்டே மார்க்கெட். மாலையில் கடலூர் சாலை வழியே அரிக்கமேடு. ரோமாபுரியோடு வியாபாரம் நடந்த இடம், 1945இல் வீலர் தோண்டிப் பார்த்த மண். போகிற வழியில் ஏ.எஃப்.டி. மில் வாசலில் இரண்டு நிமிடம் வண்டியை நிறுத்தினால் யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

மூன்றாம் நாள்: மதியத்துக்குள் கிளம்பிவிட வேண்டும். கும்மிடிப்பூண்டிக்குக் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். சென்னையில் இறங்கி லோக்கல் பிடிக்க வேண்டும், மறுநாள் ஏ ஷிப்ட் காத்திருக்கும். பாட்டிலைப் பையில் ஒளித்துக்கொண்டு எல்லையில் மாட்டுவது, குடித்துவிட்டு ஈ.சி.ஆரில் பைக் ஓட்டுவது, இந்த இரண்டையும் பிளானிலிருந்து எடுத்துவிட்டால் பாதிக் கவலை போய்விடும்.

இந்தப் பிளானுக்கு லாட்ஜ் வாடகை ஒரு ரூபாய் கூடப் போவதில்லை. கொஞ்சம் கூடுதலாக நடக்க வேண்டும், அவ்வளவுதான். அதில் தெரிந்துகொள்வது ஒன்று இருக்கிறது. சனி, ஞாயிறு, சம்பளத்தோடு விடுமுறை, எட்டு மணி நேரம் முடிந்ததும் வீட்டுக்குப் போகலாம் என்ற உரிமை, எதுவும் காலண்டர் அச்சடிக்கிறவர் கொடுத்தது இல்லை. அதற்காக உயிரை விட்டவர்களில் 12 பேர் புதுச்சேரிக்காரர்கள். அடுத்த முறை "மச்சான், பாண்டி போலாமா?" என்று குரூப்பில் வந்தால் "போலாம்டா, ஆனா வாய்க்காலுக்கு அந்தப் பக்கமும்" என்று ஒருவராவது பதில் போடட்டும்.