இரட்டை உத்தியோகம்

ஒரு கம்பெனியில் முழுநேர உத்தியோகத்தில் இருந்துகொண்டே, அக்கம்பெனிக்குத் தெரியாமல் மற்றொரு கம்பெனியிலும், சில சமயங்களில் மூன்றாவது கம்பெனியிலும் முழுநேர உத்தியோகம் ஏற்று, எல்லா இடங்களிலும் முழுச் சம்பளம் பெறும் வழக்கம் கம்ப்யூட்டர் தொழிலில் வேரூன்றியிருக்கிறது. 2020-ம் வருஷம் மார்ச்சு மாதக் கடைசியில் தேசமெங்கும் ஊரடங்கு அமுலுக்கு வந்து, லட்சக்கணக்கான உத்தியோகஸ்தர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்யத் தொடங்கியபோது இதற்கு வழி அகலத் திறந்தது. காரியாலயத்தில் ஒருவர் ஒரு நாற்காலியில்தான் உட்கார முடியும். வீட்டு மேஜையின் மீது இரண்டு கம்பெனிகள் கொடுத்த இரண்டு கம்ப்யூட்டர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டால் பார்ப்பார் யாருமில்லை. முதலாளிகள் இதனை மோசடி என்கிறார்கள். இளைஞர்களில் பலர் சாமர்த்தியம் என்கிறார்கள். இவ்விரண்டு வார்த்தைகளில் எதுவும் விஷயத்தை முழுவதும் சொல்லிவிடவில்லை என்பது நமது அபிப்பிராயம்.

இவ்விவகாரம் நமது தேசத்தில் பகிரங்கமானது 2022-ம் வருஷத்தில். அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில், உணவு விநியோகம் செய்யும் ஸ்விக்கி கம்பெனி, வேலை நேரத்துக்குப் புறம்பே தன் ஊழியர்கள் வேறு காரியங்களில் ஈடுபடலாம் என்று விதி வகுத்தது. அதே மாதம் 20-ந் தேதி விப்ரோ கம்பெனியின் தலைவர் ரிஷாத் பிரேம்ஜி இது அப்பட்டமான ஏமாற்று என்று பகிரங்கமாக எழுதினார். அடுத்த மாதத்தில், தமது கம்பெனியில் இருந்தவாறே போட்டிக் கம்பெனிகளுக்கும் வேலை செய்ததாகக் கண்டுபிடிக்கப்பட்ட 300 பேரை விலக்கிவிட்டதாக அவரே அறிவித்தார். இன்போஸிஸ் கம்பெனி தன் ஊழியர்களுக்குக் கடுமையான எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிற்று. ஆயினும் அக்டோபர் மாதத்திலேயே சற்று இறங்கி வந்து, மேலதிகாரியின் முன் அனுமதியுடன் போட்டியில்லாத இடங்களில் வெளிவேலை செய்யலாம் என்று தெரிவித்தது. அப்போது மத்திய சர்க்காரின் இணை மந்திரியாயிருந்த ஸ்ரீ ராஜீவ் சந்திரசேகரோ, ஊழியர்களைக் கட்டிப்போட நினைக்கும் கம்பெனிகளின் முயற்சி பலிக்கப் போவதில்லை என்று பேசினார். முதலாளிகளுக்குள்ளும் சர்க்காருக்குள்ளுமே ஒருமித்த கருத்து இல்லாத இவ்விஷயத்தில், பொதுஜனங்கள் குழப்பமடைந்ததில் வியப்பில்லை.

குழப்பத்துக்கு முக்கிய காரணம், வெவ்வேறான இரண்டு செய்கைகளுக்கு ஒரே பெயர் கொடுக்கப்பட்டிருப்பதுதான். மாலை ஆறு மணிக்கு வேலை முடிந்தபின் ஒருவர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கலாம்; சனி, ஞாயிறுகளில் ஒரு கடைக்காரருக்குக் கம்ப்யூட்டரில் கணக்குப் புஸ்தகம் அமைத்துக் கொடுக்கலாம். இது ஒரு செய்கை. காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரையுள்ள அதே மணி நேரத்தை இரண்டு கம்பெனிகளுக்கு முழுமையாக விற்று, இரண்டையும் நம்ப வைப்பது மற்றொரு செய்கை. முன்னது தன் உழைப்பை விற்பது. பின்னது விற்றதையே மறுபடியும் விற்பது. இரண்டையும் ஒரே பெயரால் சுட்டுவதால், முதலாளிகள் பின்னதைக் காட்டி முன்னதையும் தடுக்கிறார்கள். ஊழியர்கள் முன்னதன் நியாயத்தைக் காட்டிப் பின்னதையும் மறைக்கிறார்கள்.

முதலில் முதலாளிகளின் வாதத்தைக் கவனிப்போம். முழுநேர ஊழியர் வேறெங்கும் வேலை செய்யலாகாது என்று அவர்கள் ஒப்பந்தத்தில் ஷரத்து எழுதுகிறார்கள். உத்தியோகம் நீடிக்கும் காலத்தில் இத்தகைய ஷரத்து செல்லும் என்று, நூற்பாலைக் கம்பெனி ஒன்றுக்கும் கோலிகரி என்ற ஊழியருக்கும் நடந்த வழக்கில் 1967-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்திருக்கிறது. 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் 60-வது பிரிவும், ஒரு தொழிற்சாலையில் வேலை செய்த தொழிலாளியை அதே தினத்தில் மற்றொரு தொழிற்சாலையில் வேலை செய்ய விடலாகாது என்று விதித்தது. ஆனால் அந்தப் பிரிவு எதற்காக ஏற்பட்டது? தினத்துக்கு இத்தனை மணி, வாரத்துக்கு 48 மணி என்று சட்டம் வரம்பு கட்டியிருக்கையில், ஆலைவிட்டு ஆலை மாறி அந்த வரம்பு வீணாகிவிடக் கூடாது என்பதற்காக. தொழிலாளியின் தேகத்தைக் காப்பதற்காகப் பிறந்த விதியை, தொழிலாளியின் ஓய்வு நேரத்துக்கும் முதலாளியே சொந்தக்காரர் என்று நிரூபிக்க இன்று எடுத்துக் காட்டுவது விசித்திரமான வியாக்கியானம்.

இன்போஸிஸ் கம்பெனியை ஸ்தாபித்தவர்களில் ஒருவரான ஸ்ரீ நாராயணமூர்த்தி, இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்று 2023-ம் வருஷம் அக்டோபரில் சொன்னார். எல் அண்டு டி கம்பெனியின் தலைவர் ஸ்ரீ சுப்பிரமணியன் 90 மணி வரையில் போய்விட்டார். அவர் பேச்சு 2025-ம் வருஷம் ஜனவரியில் தேசமெங்கும் கண்டனத்துக்கு ஆளாயிற்று. ஒரே கம்பெனிக்கு வாரம் 70 மணி உழைத்தால் அது தேசத் தொண்டு. ஒன்றுக்கு 45 மணி உழைத்துவிட்டு, மிஞ்சிய 25 மணியைத் தன் குடும்பத்துக்காக வேறிடத்தில் விற்றால் அது துரோகம் என்பது எந்த நியாய சாஸ்திரத்தைச் சேர்ந்தது? தேகம் தாங்காது என்பது காரணமானால் இரண்டு இடத்திலும் தாங்காது. விசுவாசம்தான் காரணமென்றால், விசுவாசம் இரு தரப்பாரையும் கட்டுப்படுத்த வேண்டும்.

அந்த விசுவாசத்தைக் கம்பெனிகள் எவ்வாறு காட்டியிருக்கின்றன என்பதையும் பார்ப்போம். 2021-22-ம் வருஷத்தில் இன்போஸிஸின் தலைமை நிர்வாகி பெற்ற ஊதியம் சுமார் 71 கோடி ரூபாய். அதே காலத்தில் இத்தொழிலின் பெரிய கம்பெனிகளில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு வருஷச் சம்பளம் சுமார் மூன்றரை லட்சம். வித்தியாசம் ஏறக்குறைய இரண்டாயிரம் மடங்கு! மேலும், இரட்டை உத்தியோகத்தை ஏமாற்று என்று கண்டித்த அதே விப்ரோ கம்பெனி, ஆறரை லட்சம் தருவதாக எழுதிக் கொடுத்து நெடுநாள் காத்திருக்க வைத்த பட்டதாரிகளிடம், மூன்றரை லட்சத்துக்குச் சம்மதிக்கிறீர்களா என்று 2023-ம் வருஷம் பிப்ரவரியில் கேட்டது. ஊழியன் விலக விரும்பினால் மூன்று மாத முன்னறிவிப்பு கொடுக்க வேண்டும் என்பது இத்தொழிலில் சாதாரண ஷரத்து. கம்பெனி விலக்க விரும்பினால் சில நாட்களிலேயே காரியம் முடிந்துவிடுகிறது. ஒரு பக்கத்தில் மட்டும் வாக்குப் பிசகாமை கோரும் ஒப்பந்தம் நெடுநாள் மதிக்கப்படாது.

இவ்வளவும் உண்மையே. ஆனாலும் இதை வைத்துக்கொண்டு இரகசிய உத்தியோகத்தை நியாயப்படுத்த நாம் ஒருப்பட மாட்டோம்.

ஒரே நிலத்தை இருவருக்குக் கிரயம் செய்து கொடுப்பவனை நமது ஊர்களில் என்ன சொல்லி அழைப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வாங்கிய இருவரும் பணக்காரர்கள் என்றோ, நிலத்தின் விலையைக் குறைத்துக் கொடுத்தார்கள் என்றோ அவன் சொல்லும் சமாதானத்தை யாரும் ஏற்பதில்லை. விலை குறைவானால் விற்க மறுக்கலாம். கூடிப் பேசி உயர்த்தலாம். பத்திரத்தில் பொய் எழுதலாகாது. மணி நேரமும் அப்படித்தான். 'கொடுத்த வேலையை நாலு மணியில் முடித்துவிட்டேன், மிச்ச நேரம் என்னுடையது' என்று சிலர் வாதிக்கிறார்கள். வேலைக்குத்தான் கூலி, நேரத்துக்கு அல்ல என்பது கௌரவமான கொள்கைதான். அப்படியானால் மொத்தமாகத் தொகை பேசி வேலையை ஏற்றுக்கொள்ளட்டும். எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் பகிரங்கமாகச் செய்யட்டும். நேரத்துக்குச் சம்பளம், விடுமுறை, சேமநிதி, வைத்திய வசதி ஆகிய முழுநேர ஊழியரின் பாதுகாப்புகள் அனைத்தையும் இரண்டு இடங்களில் பெற்றுக்கொண்டு, பொறுப்பு வரும்போது மட்டும் வேலைக்குத்தான் கூலி என்பது முன்னுக்குப்பின் முரண்.

வறுமையே காரணம் என்று சொல்வதும் முழுவதும் பொருந்தாது. புதிதாகச் சேர்ந்து இரவும் பகலும் மேற்பார்வைக்கு உட்பட்டிருக்கும் மூன்றரை லட்சத்துக்காரரால் இரண்டு கம்பெனிகளை ஏக காலத்தில் சமாளிப்பது எளிதல்ல. அனுபவமும் செல்வாக்கும் பெற்றவரால்தான் அது சாதாரணமாக முடிகிறது. அவர் மறைவாக வகிக்கும் இரண்டாவது ஸ்தானத்துக்குத்தான், பரீக்ஷையில் தேறிவிட்டு வேலை தேடித் திரியும் மற்றொரு வாலிபர் மனுச் செய்திருப்பார். ஒரே நேரத்தில் இரண்டு கூட்டங்களில் ஆஜராகாமல் அவர் நழுவும்போது, அவர் வேலையைச் சுமப்பவர் கம்பெனித் தலைவர் அல்ல. பக்கத்து மேஜைச் சகாவே. முதலாளியை ஏமாற்றியதாக நினைப்பவர் நடைமுறையில் தம் வகுப்பாரையே ஏமாற்றுகிறார்.

இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. ஒரு சிலரின் இரகசியம் எல்லோர் மீதும் வேவு வைப்பதற்குச் சாக்காகிறது. விசைப்பலகை அசைகிறதா, எலி நகர்கிறதா என்று நிமிஷந்தோறும் கணக்கெடுக்கும் தந்திரங்கள் பெருகிவிட்டன. அமெரிக்காவில் வெல்ஸ் பார்கோ பாங்கியானது, வேலை நடப்பதுபோல விசைப்பலகையை அசைய வைத்ததற்காகப் பத்துப் பன்னிரண்டுக்கு மேற்பட்ட ஊழியர்களை விலக்கிய செய்தி 2024-ம் வருஷம் ஜூன் மாதத்தில் வெளிவந்தது. நமது நாட்டில் ஒவ்வோர் ஊழியருக்கும் சேமநிதியில் 2014 முதல் ஒரே நிரந்தர எண் வழங்கப்பட்டு வருகிறது. ஒரே மாதத்தில் இரண்டு கம்பெனிகள் அந்த எண்ணில் பணம் கட்டினால் விஷயம் தானாகவே வெளிப்பட்டுவிடும். எனவே இரகசியம் நிலைப்பதுமில்லை. வெளிப்படும்போது அதன் பழி நேர்மையாளர் மீதும் விழுகிறது. கைக்குழந்தையுடைய தாய்மாருக்கும், அங்கஹீனர்களுக்கும், தென்காசியிலோ தேனியிலோ வயோதிகப் பெற்றோரை விட்டுப் பிரிய இயலாதவர்களுக்கும் வீட்டிலிருந்து வேலை செய்யும் சலுகை பெரிய வரப்பிரசாதமாய் வாய்த்தது. அதைப் பறிக்க விரும்பும் நிர்வாகிகளுக்கு இரட்டை உத்தியோகத்தைப் போன்ற வசதியான காரணம் வேறு கிடைக்காது.

இவ்விஷயத்தில் பின்பற்றத்தக்க நெறி நமது கம்பெனிச் சட்டத்திலேயே இருக்கிறது. 2013-ம் வருஷத்துச் சட்டத்தின் 165-வது பிரிவின்படி ஒருவர் ஏக காலத்தில் 20 கம்பெனிகளில் டைரக்டராயிருக்கலாம். அவற்றில் பொதுக் கம்பெனிகள் பத்துக்கு மேற்படலாகாது. 184-வது பிரிவின்படி தமக்கு வேறெங்கெல்லாம் சம்பந்தமுண்டு என்பதை அவர் டைரக்டர் சபைக்கு அறிவித்தாக வேண்டும். முழுநேர நிர்வாகிகள் விஷயத்திலோ 203-வது பிரிவு கண்டிப்பானது. துணைக் கம்பெனியைத் தவிர வேறு கம்பெனியில் அவர்கள் பதவி வகிக்கலாகாது. இதிலுள்ள தர்மம் தெளிவானது. முழு நேரத்தை விற்றவன் ஒரு கம்பெனிக்கே உரியவன். பகுதி நேரத்தை விற்றவன் பல இடங்களில் இருக்கலாம். எங்கெங்கே இருக்கிறான் என்பது பகிரங்கமாக இருக்க வேண்டும். முதலாளி வர்க்கத்தாருக்குச் சட்டமே இந்த ஒழுங்கை ஏற்படுத்தியிருக்கையில், சம்பளக்காரருக்கு மட்டும் ஒரு பக்கம் முழுத் தடையும், மறுபக்கம் முழு மறைவும் ஏன்?

ஆகவே நாம் வற்புறுத்துவது மூன்று காரியங்கள். முதலாவதாக, வேலை நேரம் இவ்வளவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதி, அதற்கு அப்பாற்பட்ட நேரம் ஊழியருக்கே சொந்தம் என்று கம்பெனிகள் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டாவதாக, போட்டிக் கம்பெனியல்லாத இடத்தில் அந்த நேரத்தில் செய்யும் வேலைக்கு, அனுமதி கேட்டுக் கைகட்டி நிற்பதற்குப் பதிலாக, அறிவித்தால் போதும் என்ற விதி வர வேண்டும். அறிவித்தவரைத் தண்டிக்கும் இடத்தில் யாரும் அறிவிக்க மாட்டார்கள். மூன்றாவதாக, ஆரம்பச் சம்பளம் விலைவாசிக்கேற்ப உயர வேண்டும். எழுதிக் கொடுத்த சம்பளத்தைக் குறைப்பது ஒப்பந்த மீறலாகவே கருதப்பட வேண்டும். இவற்றுக்கு ஈடாக, விற்ற மணி நேரத்தை மறுபடி விற்பதில்லை என்ற உறுதியை ஊழியர்களும் தயக்கமின்றிக் கொடுக்க வேண்டும்.

இவை தனி ஒருவரால் பெறக்கூடியவை அல்ல. கம்ப்யூட்டர் தொழிலில் உள்ளவர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று 2016-லேயே தமிழ்நாட்டு சர்க்கார் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆயினும் சென்னையிலும் கோயமுத்தூரிலும் உள்ள பெருந்திரளான ஊழியர்களில் சங்கத்தை நாடுவோர் மிகச் சிலரே. தம் குறையைச் சங்கத்தில் சொல்லத் தயங்கும் வாலிபர், அதற்குப் பரிகாரமாகத் தம் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டாவது கம்ப்யூட்டரைத் திறக்கிறார். அதனால் அவர் ஒருவருடைய வருமானம் சில காலம் இரட்டிக்கலாம். பக்கத்து வீட்டுப் பட்டதாரியின் மூன்றரை லட்சம் மூன்றரை லட்சமாகவே நிற்கும். தொழிலாளர் இயக்கத்தில் ஈடுபட்டுள்ள நண்பர்கள் இவ்வாலிபர்களை ஏசிப் பயனில்லை. முதலாளிகளோடு சேர்ந்து பழிப்பது அதனினும் தவறு. அவர்களைத் தேடிச் சென்று, மறைவில் ஒருவர் சம்பாதிப்பதைப் பகிரங்கத்தில் எல்லோரும் பெறுவதற்கு வழி உண்டு என்று எடுத்துச் சொல்வார்களாக.