உதை யார் மேல் விழுகிறது?

"சிரிப்பில் என்னய்யா ஏழை, பணக்காரன்? சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதானே!" என்று சிலர் நமக்குப் புத்தி சொல்கிறார்கள். சிரிப்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. பகலெல்லாம் கதிர் அறுத்தவனுக்கும், இரவு ஷிப்டு முடித்து வந்தவனுக்கும் கஞ்சியைப் போலவே சிரிப்பும் அவசியம். ஆனால், ஓங்கிய கை யார் கன்னத்தில் விழுகிறது? அதைத்தான் கேட்கிறோம்.

1989-ல் வெளிவந்த 'கரகாட்டக்காரன்' படத்தின் வாழைப்பழக் காட்சியை அறியாதவர் உண்டா? ஒரு ரூபாய் கொடுத்து இரண்டு பழம் வாங்கிவரச் சொல்கிறார் கவுண்டமணி. ஒன்றைத் தின்றுவிடுகிறார் செந்தில். இன்னொன்று எங்கே என்றால், மிச்சமிருப்பதே அந்த இன்னொன்று என்கிறார். விழுகிறது அடி! நாமும் வயிறு குலுங்கச் சிரித்தோம். இருவரும் பெருங்கலைஞர்கள், மறுக்கவில்லை. ஆனால் கதையில் இருவருமே கரகக் குழுவின் ஏழைகள். ஒரு பழத்துக்காக ஏழை ஏழையை அடிக்கிறான். அந்த நிலைக்கு அவர்களைத் தள்ளியவன் எங்கே? அவன் அந்தக் காட்சிக்கே வரவில்லை!

1970-களில் மெக்ஸிகோ தொலைக்காட்சியில் 'எல் சாவோ' என்றொரு தொடர் வந்தது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளெல்லாம் பார்த்துச் சிரித்தன. பல குடும்பங்கள் ஒண்டியிருக்கும் ஒரு வளவு. அங்கே ஒரு பீப்பாய்க்குள் புகுந்து கிடக்கும் அநாதைச் சிறுவன்தான் நாயகன். ஓயாத பசி அவனுக்கு. அங்கும் ஏழைக்கு அறை விழுகிறது. 14 மாத வாடகை பாக்கி வைத்தவர் வாங்காத அறையில்லை. ஆனால் வாடகை கேட்டு வீட்டுக்காரர் உள்ளே கால்வைத்ததும், அந்தச் சிறுவன் கையால் 'தவறுதலாக' அடி வாங்குகிறார்! அந்த அடியால் வாடகை குறையவில்லை. எனினும் வாடகைக்கு வழியில்லாதவன் மனம் எவ்வளவு குளிர்ந்திருக்கும்!

இதைக் கற்க நாம் மெக்ஸிகோ போக வேண்டியதில்லை. அதியமான்கோட்டை இருக்கும் நம் தருமபுரிச் சீமை கூத்து வளர்த்த மண். கிரீடம் தரித்து மன்னாதி மன்னன் சபைக்கு வருகிறான். கட்டியக்காரன் அவனைச் சும்மா விடுகிறானா? குறுக்குக் கேள்வி கேட்டு, மன்னனின் மமதையை மண்ணில் இறக்குகிறான். விடிய விடிய உட்கார்ந்து சிரிக்கும் கூட்டம் யார்? கூலிக்காரக் கூட்டம்!

அந்தச் சிரிப்பு எங்கே போயிற்று? சினிமாவில் கருப்பு நிறத்தையும், தொந்தியையும், வழுக்கையையும் ஏசிய ஏச்செல்லாம் இன்று மேஸ்திரியின் வாயில் ஏறிவிட்டது. வேலைக்களத்தில் அதே பட்டப்பெயரால் தொழிலாளியை அழைக்கிறான். முகம் சுளித்தால், "தமாஷுக்குச் சொன்னேன்" என்கிறான். தமாஷாம்! அதே தமாஷைத் தொழிலாளி முதலாளியிடம் செய்தால் மறுநாள் வேலை இருக்குமா?

தோழர்களே! சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். ஆனால் பசித்தவனை உதைத்துக் காட்டினால், ஒரு கணம் நிறுத்தி, "பசிக்க வைத்தவனுக்கு எப்போது உதை?" என்று கேளுங்கள். நம்மை ஏசி நம்மிடமே காசு வாங்கும் சிரிப்பு நமக்கு வேண்டாம். கட்டியக்காரனின் சிரிப்பே நம் சிரிப்பு!